சேவூர்ப் பாறையில் ஆறு மாதம்

1. கரி பிடித்த முதல் நாள்

சேவூர் நில அதிர்வு ஸ்டேஷனில் நான் செய்த முதல் வேலை காகிதத்துக்குப் புகை காட்டியது. கம்ப்யூட்டர் திரையில் நடுக்கம் பார்க்கிற இன்றைய பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எழுபதுகளின் கடைசியில் எங்கள் ரெக்கார்டருக்கு மையும் கிடையாது, பேனாவும் கிடையாது. வழுவழுப்பான வெள்ளைத் தாளை ஒரு டிரம்மில் இறுகச் சுற்றி ஒட்ட வேண்டும். கீழே மண்ணெண்ணெய் விளக்கைப் புகையவிட்டு டிரம்மை மெதுவாகச் சுற்ற வேண்டும். தாள் முழுக்க ஒரே சீராகக் கரி படியும். ஊசி அந்தக் கரியைக் கீறிக்கொண்டே போகும். நிமிஷத்துக்கு அறுபது மில்லிமீட்டர், அதாவது ஒரு செகண்டுக்கு ஒரு மில்லிமீட்டர். பூமி சும்மா இருந்தால் கோடு நேராக ஓடும், அசைந்தால் நெளியும். மறுநாள் காலை தாளைக் கழற்றி, அரக்கு கரைத்த ஸ்பிரிட்டில் முக்கிக் கொடியில் காயப்போட்டால் கரி இறுகிவிடும். பிறகு கையில் ஒட்டாது.

அன்று எனக்குக் கை பழகவில்லை. காற்று வேறு. விளக்கின் புகை தாளில் பாதியும் என் முகத்தில் பாதியுமாகப் படிந்தது. சரோஜா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னா மாமா, எட்டு வருஷமா இத்தப் பண்ணத்தான் அம்மாந்தூரம் போனியா? இங்கியே அடுப்பு ஊதிகினு இருந்திருக்கலாமே."

சரோஜா என் மனைவி. என் தாய்மாமன் மகள். எங்கள் வீடு சேவூரில் தறி போட்ட வீடு. நான் பிஎஸ்சி படித்துவிட்டு, வடக்கே ஒரு நில அதிர்வு ஆய்வுக்கூடத்தில் அப்சர்வர் வேலைக்குப் போனேன். கல்யாணம் ஆன மாதமே கிளம்ப வேண்டியதாயிற்று. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவரைப் பார்த்துக்கொண்டு, தறியையும் பார்த்துக்கொண்டு சரோஜா ஊரிலேயே நின்றாள். எனக்கு வருஷத்துக்கு ஒரு மாத லீவு. எட்டு வருஷத் தாம்பத்தியத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது எட்டு மாதம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த வருஷம் பெரணமல்லூர்ப் பக்கம் நிலம் ஆடுவதாகப் புகார் வந்தது. அலமாரியில் இருந்த பாத்திரம் உருண்டது, சுவர் உறுமியது என்றெல்லாம் ஜனங்கள் மனுக் கொடுத்தார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து மூன்று கருவிப் பெட்டிகளை அனுப்பி மூன்று இடத்தில் தற்காலிக ஸ்டேஷன் போடுவது என்று முடிவாயிற்று. பெரணமல்லூரில் ஒன்று, வெம்பாக்கத்தில் ஒன்று. மூன்றாவதற்கு இடம் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் என் மேலதிகாரி சேஷய்யாவின் அறைக்கு ஓடினேன். அவர் பூர்வீகம் நெல்லூர். மதராஸில் வளர்ந்ததால் நல்ல தமிழ் பேசுவார்.

"எங்க ஊருல நல்ல பாறை இருக்கு சார்."

"பாறை இருக்கா, பெண்டாட்டி இருக்காளா?"

"ரெண்டும் இருக்கு சார்."

அவர் சிரித்துவிட்டார். "ஆறு மாசம்தான்யா. டேட்டா நல்லா வந்தா பர்மனென்ட் ஸ்டேஷன் ஆக்கச் சொல்லி எழுதறேன். ஆக்கினா நீதான் இன்சார்ஜ். வரலேன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டுத் திரும்பி வந்துடணும்."

இப்படித்தான் நான் சேவூருக்கு வந்தேன். ஆறு மாதத்துக்குள் நல்ல டேட்டா காட்ட வேண்டும். காட்டினால் வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் மறுபடியும் ரயில்.

இடம் தேர்ந்தெடுத்ததும் நான்தான். எங்கள் தெருவுக்குப் பின்னால் வயல் தொடங்கும் இடத்தில் ஒரு மொட்டைப் பாறை உண்டு. நடுக்கத்தை உணருகிற சீஸ்மோமீட்டரைப் பாறைமேல் சிமெண்டு பூசி உட்காரவைத்து, மேலே ஓலைச் சார்ப்பு இறக்கி ஒரு ஷெட் போட்டேன். கருவியை ஜனங்கள் புழங்குகிற இடத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். என் வீட்டுப் பின்வாசலிலிருந்து அந்தப் பாறை நாற்பது அடி வைத்தால் வந்துவிடும். பாறை நல்ல பாறை என்று ஆபீசுக்கு எழுதினேன். அதில் பொய் இல்லை. அந்த நாற்பது அடியை மட்டும் எழுதாமல் விட்டேன்.

2. எட்டால் பெருக்கு

நடுக்கம் எங்கே வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பூமிக்குள் ஒரு பாறை விரிசல் நழுவினால் இரண்டு அலைகள் ஒரே நேரத்தில் கிளம்பும். வேகமாக ஓடி வருகிறதை P என்போம். மெதுவாக, ஆனால் பலமாக வருவது S. இடம் பக்கத்தில் இருந்தால் இரண்டும் அடுத்தடுத்து வந்துவிடும். தூரத்தில் இருந்தால் P முன்னால் வந்துவிட, S தாமதிக்கும். தாளில் P தொடங்கிய இடத்துக்கும் S தொடங்கிய இடத்துக்கும் எத்தனை செகண்டு என்று லென்ஸ் வைத்து அளக்க வேண்டும். அதை எட்டால் பெருக்கினால் ஏறத்தாழ எத்தனை கிலோமீட்டர் என்று கிடைத்துவிடும்.

ஒரு ஸ்டேஷன் தூரத்தை மட்டும்தான் சொல்லும், திசையைச் சொல்லாது. அதனால்தான் மூன்று ஸ்டேஷன் வேண்டும். மேப்பில் ஒவ்வொரு ஸ்டேஷனையும் நடுவில் வைத்துக் கம்பாஸால் வட்டம் போடுவோம். மூன்று வட்டமும் எங்கே சந்திக்கிறதோ, நடுக்கம் அங்கே.

வந்த இரண்டாவது வாரமே நிஜமான ஒன்று கிடைத்தது. மறுநாள் பெரணமல்லூர் ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்ட தனகோடி, சுருட்டிய தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். வெம்பாக்கத்து ரீடிங் தந்தியில் வந்தது. என் தாளில் S வர இரண்டரை செகண்டு, ஆக இருபது கிலோமீட்டர். தனகோடியின் தாளில் ஒரு செகண்டுக்குக் கொஞ்சம் மேலே. வெம்பாக்கத்தில் இரண்டே முக்கால் செகண்டு. வட்டங்கள் பெரணமல்லூருக்கு வடகிழக்கே ஒரு ஏரிக்கரையை ஒட்டிச் சின்ன முக்கோணமாகச் சந்தித்தன. ஒரே புள்ளியில் சந்திக்காது. நடுக்கம் பூமிக்கு மேலே வருவதில்லை, கொஞ்சம் ஆழத்தில் வருகிறது, அதனால் அந்த முக்கோணம்.

அடுத்த நாள் நானும் தனகோடியும் அங்கே போய் ஏரிப் பாசன வயலில் நின்றுகொண்டிருந்த ஒருவரிடம் விசாரித்தோம்.

"ஆமாங்க, முந்தாநேத்து வண்டி ஓடற மாதிரி தடதடன்னு ஒரு சத்தம். மாடு எழுந்து நின்னுக்கிச்சி. நீங்க யாரு, எலெக்ஷனுக்கு வந்திருக்கீங்களா?" என்றார் அவர்.

நாற்பது செகண்டு தாளில் நெளிந்த ஒரு கோட்டை வைத்து, ஒருவர் மாடு எழுந்து நின்ற இடத்துக்கு நேராக வந்து சேர்ந்துவிட்டோம். அந்தச் சந்தோஷம் எனக்கு வேறு எந்த வேலையிலும் கிடைத்திருக்காது. திரும்பும்போது ஆரணி பஸ் ஸ்டாண்டில் தனகோடிக்கு நான் டிபன் வாங்கிக் கொடுத்தேன்.

3. வால்

மேக்னிட்யூட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய நடுக்கமானால் ஊசி எவ்வளவு உயரம் குதித்தது என்று பார்த்துக் கணக்கிடுவார்கள். அளவு ஒன்று கூடினால் அசைவு பத்து மடங்கு என்று அர்த்தம். எங்களுடைய சின்ன நடுக்கங்களுக்கு வேறு வழி. P தொடங்கியதிலிருந்து கோடு பழையபடி அடங்கும்வரை எத்தனை செகண்டு என்று பார்ப்போம். இதற்கு எங்கள் ஆபீஸ் பாஷையில் 'வால்' என்று பெயர். வால் நீளமானால் நடுக்கம் பெரியது. அந்த செகண்டை லாகரிதம் டேபிளில் பார்த்து, இரண்டால் பெருக்கி, கொஞ்சம் கழிக்க வேண்டும். ஏரிக்கரை நடுக்கத்துக்கு வால் நாற்பது செகண்டு. மேக்னிட்யூட் இரண்டு புள்ளி நான்கு.

வால் எங்கே முடிகிறது என்று பார்ப்பதில்தான் கஷ்டம். கோடு சுத்தமாக இருந்தால் தெரியும். சேவூரில் பகலில் கோடு சுத்தமாக இருக்காது. தெரு முழுக்கக் குழித்தறி. தறிக்காரர்கள் தரையில் குழி வெட்டி அதில் காலை விட்டு உட்கார்ந்துதான் நெய்வார்கள். அடிக்கிற ஒவ்வொரு அடியும் மண் வழியாகப் பாறைக்கு வந்துவிடும். விடிந்தால் என் கோடு மயிர் முளைத்த மாதிரி ஆகிவிடும். எங்கள் பாஷையில் அது 'நாய்ஸ்', அதாவது இரைச்சல். தெரியாமல் வந்தவன் இல்லை நான். சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து அந்த நாய்ஸுக்கு நடுவே ஒன்று கண்ணில் பட ஆரம்பித்தது. முதலில் சின்னதாக ஒரு குத்து. ஒன்றரை செகண்டு கழித்துச் சற்றுப் பெரிதாக இன்னொரு குத்து. P, S மாதிரியே இருந்தது. தெளிவாகத் தெரிந்தது ஒரு நாளைக்கு ஒன்று, சில நாள் இரண்டு. ஒன்றரையை எட்டால் பெருக்கினால் பன்னிரண்டு கிலோமீட்டர். பெரணமல்லூரிலும் வெம்பாக்கத்திலும் இவை பதிவாகவில்லை. அவ்வளவு சின்ன நடுக்கம் அங்கே போய்ச் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தனையிலும் S ஒன்றரை செகண்டில்தான் வந்தது. அப்படியானால் அத்தனையும் ஒரே தூரத்திலிருந்து, ஒருவேளை ஒரே பிளவிலிருந்து வருகின்றன. தினசரி எண்ணிக்கையைப் பட்டியல் போட்டு சேஷய்யாவுக்கு அனுப்பினேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் குத்துகளின் வால் குட்டை. நேர்மையாக அளந்தால் இரண்டு செகண்டு. நாய்ஸில் மறைந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் இருக்கும் என்று சொல்லி ஆறு எழுதினேன். இரண்டு செகண்டு என்று எழுதியிருந்தால் அவர் அன்றைக்கே சந்தேகப்பட்டிருப்பார். ஆறு எழுதியதால் மேக்னிட்யூட் பூஜ்யத்துக்கு மேலே ஏறி, பார்க்க லட்சணமாக வந்தது. ராத்திரியில் இவை வருவதே இல்லை என்பதையும் நான் பார்த்திருக்க வேண்டும். எங்கள் பதிவெல்லாம் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். பட்டியலைப் பார்த்தால் பகலா ராத்திரியா என்று சட்டென்று தெரியாது. அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் உள்ளே இருந்திருக்கிறது.

மூன்றாம் மாதம் சேஷய்யாவிடமிருந்து கடிதம் வந்தது. சேவூரைப் பர்மனென்ட் ஸ்டேஷன் ஆக்கச் சிபாரிசு செய்கிறார். அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இன்னும் இரண்டு கருவி வைத்துப் பிளவைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார். அடுத்த மாத மீட்டிங்கில் எடுத்து வைக்கப் போகிறார். கடிதத்தைச் சரோஜாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அப்போது தறியில் வெளிர் மஞ்சளில் ஒரு பட்டுப் புடவை நெய்துகொண்டிருந்தாள்.

"அப்ப இங்கியே இருந்துடுவியா?"

"இருந்துடுவேன்."

"மெய்யாலுமா?"

நான் சந்தோஷத்தில் தறிமேல் கையை வைக்கப் போனேன். "கையில கரி" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை உடனே விடவில்லை. அன்று சாயங்காலமே அடுப்படிக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு அலமாரி போட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டு வருஷமாக அந்த வீட்டில் என் துணி பெட்டியிலேயே இருந்தது.

4. அமாவாசை

மீட்டிங்குக்கு முன்னால் வால் அளவுகளை இன்னும் சுத்தமாக எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் சேஷய்யா. நாய்ஸ் இல்லாத நாளாக ஒரு நாள் வேண்டும். எங்கள் பக்கத்தில் அமாவாசை அன்று எந்தத் தறியும் ஓடாது. ஆரணியிலும் அப்படித்தான், சேவூரிலும் அப்படித்தான். அன்றைக்குத் தாளில் கோடு கம்பி இழுத்த மாதிரி ஓடும். அன்று ஒரு நடுக்கம் வந்தால் போதும், வாலை முழுசாக அளந்துவிடலாம் என்று அமாவாசைக்குக் காத்திருந்தேன்.

அமாவாசை வந்தது. விடிகாலையிலேயே ஷெட்டில் போய் உட்கார்ந்தேன். கோடு ஒழுங்காக ஓடியது. பத்து மணி ஆயிற்று, ஒன்றுமில்லை. மத்தியானம் ஆயிற்று, ஒன்றுமில்லை. சரோஜா வடை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வரைக்கும் ஒரு குத்துகூட இல்லை.

போன அமாவாசைத் தாளை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. அதற்கு முந்தினதிலும் இல்லை. இருப்பதிலேயே சுத்தமான நாளில்தான் சின்ன நடுக்கம் அதிகமாகத் தெரிய வேண்டும். பூமிக்குள் இருக்கிற பிளவு அமாவாசைக்கு லீவு எடுக்குமா? தறிக்காரன் வீட்டில் பிறந்தவன் இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. இருந்தாலும் ராத்திரி முழுக்க வேறு காரணம் தேடிப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் சரோஜாவிடம் சொன்னேன். "நீ எப்பவும் போல நெய். படமரத்தைச் சுத்தறப்ப மட்டும் சத்தமா ஒரு குரல் குடு."

படமரம் என்பது நெய்து முடித்த துணியைச் சுற்றி வைக்கிற உருளை. நெய்பவரின் மடிக்கு நேரே, தரையில் ஊன்றிய இரண்டு கட்டைகளில் அது உட்கார்ந்திருக்கும். கை எட்டாத அளவுக்குத் துணி வளர்ந்ததும், படமரத்தைப் பிடித்திருக்கும் முளையை ஒரு தட்டுத் தட்டிக் கழற்றுவார்கள். மரத்தை ஒரு சுற்று உருட்டி, முளையை மறுபடி சொருகி ஓங்கித் தட்டி இறுக்குவார்கள். முதல் தட்டு லேசு. இரண்டாவது தட்டுப் பலம்.

நான் டிரம்முக்கு முன்னால் ஊசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

"சுத்தறேன் மாமா" என்று பின்வாசலிலிருந்து குரல் வந்தது.

ஊசி சின்னதாக ஒரு குத்துக் குத்தியது. ஒன்றரை செகண்டு கழித்துப் பெரிதாக இன்னொன்று.

மூன்று மாதமாக நான் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் தேடிக்கொண்டிருந்தது நாற்பது அடியில் இருந்தது. எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று எழுதினேனே, அது மட்டும் சரி. ஒவ்வொரு தடவையும் ஒன்றரை செகண்டு பிசகாமல் இருந்ததற்கும் காரணம் தெரிந்தது. சரோஜாவின் கை அவ்வளவு சீரானது.

5. நூற்றுப் பதினேழும்

நாலு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. டிரம்முக்குப் புகை காட்டினேன், தாள் மாற்றினேன், பட்டியலில் எண்ணிக்கை எழுதாமல் இடம் விட்டேன். அலமாரிக்குத் தச்சர் வந்து அளவு எடுத்துக்கொண்டு போனார். ஐந்தாம் நாள் சரோஜா சோறு போடும்போது, "இன்னா மாமா, மூஞ்சி ஒரு மாதிரியாக் கீது?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் தறிய நிறுத்திட்டா?"

"நிறுத்தினா நடுக்கம் வராது."

"வரலன்னா?"

"ஸ்டேஷன் வாணாம்னு சொல்லிடுவாங்க."

"நெய்துகினே இருந்தா?"

"அது நடுக்கமே இல்லியே சரோஜா."

"அப்ப எப்படிப் பாத்தாலும் நீ பூடுவ."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாம உட்டா இன்னா ஆவும்?"

"இந்தச் சுத்துவட்டாரத்துல கீழ பிளவு இருக்குன்னு எழுதுவாங்க. சேதி ஊர் ஊராப் போவும். வூடு கட்டறவன் பயப்படுவான், புள்ளைங்கள பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறவங்க பயப்படுவாங்க. இல்லாத ஒண்ணுக்கு."

அவள் பாத்திரத்தை மூடி வைத்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியல மாமா. நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டாள். நல்ல வார்த்தை ஏதாவது சொல்லி என்னை அனுப்பிவைப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவள் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? போகப் போவது நான், தனியாக இருக்கப் போவது அவள்.

ஆரணிக்குப் போய்த் தபாலாபீசில் டிரங்க் கால் போட்டேன். லைன் கிடைக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

"சார், சேவூர்ல வந்ததெல்லாம் நடுக்கம் இல்ல சார். தறி."

"என்னய்யா சொல்றே? எந்தத் தறி?"

"என் வீட்டுத் தறி சார். தறி நிக்கற அமாவாசைக்கு ஒண்ணுகூட வரல."

"எத்தனை?"

"அத்தனையும் சார்."

"நூத்துப் பதினேழும்?"

"நூத்துப் பதினேழும் சார்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"பேப்பர் டைப் அடிச்சாச்சு. வியாழக்கிழமை மீட்டிங்" என்றார்.

"தெரியும் சார். வாலை நான்தான் நீளமா எழுதினேன். ரெண்டை ஆறுன்னு எழுதினேன்."

"ஏன்யா?"

அதை அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் பெண்டாட்டி இருக்காளா என்று கேட்டவர்தானே.

"சரி, கிழிச்சுப் போட்டுடறேன். மீட்டிங்ல எவனாவது எழுந்து, அமாவாசைக்கு ஏன் வரலேன்னு கேட்டிருந்தா என் முகத்தை எங்கே வச்சுக்கறது? நீயே சொன்னியே, அதுவரைக்கும் நல்லது." மூன்று நிமிஷம் முடிகிறது என்று ஆபரேட்டர் குறுக்கே வந்தாள். "ஆறு மாசம் முடியற வரைக்கும் அங்கேயே இரு. நடுவுல கூப்பிட மாட்டேன்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

மிச்சம் இருந்த இரண்டரை மாதமும் நான் ஒழுங்காக வேலை பார்த்தேன். மூன்று ஸ்டேஷனிலும் பதிவான நிஜ நடுக்கம் ஆறு மாதத்தில் மொத்தம் மூன்று. மூன்றும் ஏரிக்கரைப் பக்கம், மூன்றும் சின்னது. ஜனங்கள் பயப்பட ஒன்றுமில்லை என்று அறிக்கை எழுதினோம். அலமாரியைத் தச்சர் கொண்டுவந்து போட்டுவிட்டார். அதில் சரோஜா பாவு நூலை வைத்துக்கொண்டாள்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். நடுக்கம் எப்போது வந்தது என்று மட்டும் பார்க்காதீர்கள். எப்போது வரவில்லை என்றும் பாருங்கள். குவாரி வெடி ஞாயிற்றுக்கிழமை வராது. ரயில் டைம் டேபிள் பார்த்து வரும். எனக்கு வந்தது அமாவாசைக்கு வரவில்லை. நீங்கள் ஆசைப்பட்ட விடையே வந்துவிட்டதென்றால், அன்றைக்கு வாலை இரண்டாம் முறை அளங்கள். நான் எண்பதுகள் முழுக்க ஜூனியர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

6. பதினோரு மணி

ஸ்டேஷனைப் பிரித்த அன்று, கெட்டுப்போன தாள்களை எரித்துவிடச் சொல்லி ஆபீஸ் உத்தரவு. அதிலிருந்து ஐந்து தாளை மட்டும் சுருட்டி என் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

வடக்கே ஆய்வுக்கூடத்துக் குவார்ட்டர்ஸில் என் அறைச் சுவரில் அவற்றை ஒட்டினேன். பக்கத்து அறைக்காரர்கள் கேலி செய்தார்கள். எனக்கு அது வேலை நேரம் போக மீதி நேரத்துக்குப் படிக்கக் கிடைத்த புத்தகம். பாறைக்கு மிகப் பக்கத்தில் இருந்த தறி சரோஜாவுடையது. அது ஓடும்போது நாய்ஸ் தடிமனாக இருக்கும், நின்றால் மெலிந்துவிடும். கிரீன்விச் நேரத்தோடு ஐந்தரை மணியைக் கூட்டிக்கொண்டு பார்த்தால் அவளுடைய நாள் முழுக்கத் தாளில் இருந்தது. இங்கே விடிகாலையில் உட்கார்ந்திருக்கிறாள். இங்கே எழுந்து போய் உலை வைத்திருக்கிறாள். இங்கே படமரத்தைச் சுற்றியிருக்கிறாள். மத்தியானம் அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்க இங்கே நிறுத்தியிருக்கிறாள். ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்து கோட்டை விரலால் தடவிக்கொண்டிருப்பேன். அவளைப் பார்க்க வேண்டும் போல் இருக்கும். வேறு ஒன்றும் தோன்றாது.

ஐந்து தாளிலும் ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. தினமும் பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் தறி நின்றிருந்தது. உலை வேலை ஒன்பது மணிக்கே முடிந்துவிடும். கஞ்சி பன்னிரண்டரைக்கு. கடிதத்தில் வேடிக்கையாகக் கேட்டேன். 'உன் வண்டவாளமெல்லாம் என் சுவரில் ஒட்டியிருக்கிறது. தினமும் பதினோரு மணிக்கு வேலையை விட்டுவிட்டு எங்கே போய் வம்பளந்துகொண்டிருந்தாய்?'

சரோஜா ஐந்தாவது வரை படித்தவள். பேசுகிற மாதிரியேதான் எழுதுவாள். இன்லேண்டு லெட்டரில் அப்பா உடம்பு, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் எழுதியிருந்தாள்.

'பதினோரு மணிக்கு ஷெட்டாண்ட வந்து நிப்பேன் மாமா. நீ பூதக்கண்ணாடிய வெச்சிகினு தாளப் பாத்துகினு இருப்ப. கூப்ட்டா வேல கெட்டுப்பூடும்னு கூப்டல. கொஞ்ச நேரம் பாத்துட்டு வந்துடுவேன்.'

அந்த ஷெட்டுக்குக் கதவு கிடையாது. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நான் உட்கார்ந்திருப்பேன். அவளோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வால்களை உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தேன். அவள் நின்றுகொண்டிருந்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூடத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் நாங்கள் வருஷத்துக்கு ஒரு மாதமாகத்தான் வாழ்ந்தோம். ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்தபின் மூன்று வருஷம் முழுசாகச் சேர்ந்திருந்தோம். சரோஜா போய் இப்போது நாலு வருஷம் ஆகிறது. நடுக்கத்தை எப்படி அளப்பது என்று என்னிடம் கற்றுக்கொள்ள இன்றைக்கும் இரண்டொருவர் வருகிறார்கள். அவர்களுக்கு P காட்டுகிறேன், S காட்டுகிறேன், எட்டால் பெருக்கச் சொல்கிறேன். போகும்போது ஒன்று சொல்லி அனுப்புவேன், ஏன் என்று அவர்களுக்குப் புரிவதில்லை. பதினோரு மணிக்கு லென்ஸைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள் என்பேன்.